பன்னிரண்டு டேபிள் ஆடுபவருக்கு எதிரே, ஒரே டேபிளில் நீங்கள்

போக்கர் என்ற சீட்டாட்டத்தை ஆன்லைனில் ஆட வரும் புதியவர்கள் பலர் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. திரையில் ஆறு பெயர்கள் வட்டமாகத் தெரியும். ஆறு பேரும் இந்த ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அவர்களில் ஒருவரோ இருவரோ இதே நிமிடத்தில் எட்டு, பத்து, பன்னிரண்டு டேபிள்களில் ஆடிக்கொண்டிருக்கலாம். உங்கள் டேபிள் அவர்களுடைய திரையில் ஒரு மூலையில் சின்னக் கட்டமாக இருக்கும். பொத்தான் மின்னும்போது மட்டும் அங்கே கண் போகும். அழுத்திவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

இப்படி ஆடுபவரை எப்படி எதிர்கொள்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. பெங்களூரில் அல்சூர், இந்திராநகர், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் தம்பிகள் சிலர் சனிக்கிழமை இரவுகளில் இலவச சிப்ஸ், அதாவது காசு மதிப்பில்லாத ஆட்ட வில்லைகள், வைத்து ஆடுகிறார்கள். அந்தக் குழுவில் நானும் ஒருவன். வீட்டிலிருந்து வேலை செய்யும் காலத்தில் வாங்கிய இரண்டாவது மானிட்டர் எல்லோரிடமும் இருக்கிறது, அதனால் நாலைந்து டேபிள் திறந்து வைப்பது சர்வ சாதாரணம். "அண்ணா, இவர் இவ்வளவு வேகமா ஆடுறாரே, பெரிய ஆளா?" என்று புதிதாக வந்த ஒரு தம்பி கேட்டான். வேகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். ஆட்டம் திறமையைச் சார்ந்ததா, அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததா என்ற பழைய வழக்கை அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. காசு கட்டி, காசு வெல்லும் ஆட்டமா என்று மட்டும் பார்க்கிறது. அப்படி ஒரு ஆட்டத்தை நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். பெரிய தளங்கள் காசு ஆட்டத்தை உடனே நிறுத்திவிட்டன. ஆகவே கீழே நான் சொல்லும் எண்கள் எல்லாம் சிப்ஸ் கணக்கு, ரூபாய்க் கணக்கு அல்ல. வெளிநாட்டுத் தளத்தில் சுற்றுவழியில் காசு போட்டு ஆடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஆன்லைன் சூதாட்டத்தில் கடன்பட்டு நொறுங்கிய குடும்பங்களைப் பற்றித் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் எவ்வளவோ படித்துவிட்டோம். காசு இல்லாமலும் இந்த ஆட்டம் சுவையானதுதான்.

சரி, விதிகள் சுருக்கமாக. டெக்சஸ் ஹோல்டெமில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாக வரும். பொதுவில் முதலில் மூன்று சீட்டு விரிப்பார்கள், அது ஃபிளாப். பிறகு நான்காவது சீட்டு டர்ன், ஐந்தாவது ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயச் சுற்று உண்டு. சிப்ஸ் வைப்பது பெட், அதை உயர்த்துவது ரெய்ஸ், அதற்குச் சமமாக வைத்துத் தொடர்வது கால், ஒன்றும் வைக்காமல் முறையைக் கடப்பது செக், சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது ஃபோல்ட். நடுவில் சேரும் சிப்ஸ் பாட், சீட்டு தருவது முதல் ஒருவர் பாட்டை வெல்வது வரை ஒரு ஹேண்ட். ஆட்டம் தொடங்கும் முன்பே இருவர் கட்டாயமாகச் சிப்ஸ் வைக்க வேண்டும். அவை சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட். ஃபிளாப்பிலிருந்து கடைசியில் பேசும், அதாவது கடைசியாக முடிவெடுக்கும், இடத்துக்குப் பட்டன் என்று பெயர், அதற்கு முந்தைய இடம் கட்-ஆஃப். கடைசியில் பேசுபவருக்கு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியும். போக்கரில் அதைவிடப் பெரிய வசதி கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒருவர் ஏன் பன்னிரண்டு டேபிள் ஆடுகிறார்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நல்ல ஆட்டக்காரர் ஒரே டேபிளில் முழுக் கவனத்துடன் ஆடினால், 100 ஹேண்டுக்கு 6 பெரிய பிளைண்ட், அதாவது பெரிய பிளைண்டைப் போல ஆறு மடங்கு சிப்ஸ், லாபம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் டேபிளில் மணிக்கு ஏறக்குறைய 75 ஹேண்ட் நடக்கும். ஆக மணிக்கு அவருக்குக் கிடைப்பது நாலரை பெரிய பிளைண்ட். அவரே பன்னிரண்டு டேபிள் திறக்கிறார். கவனம் சிதறுவதால் லாபம் 100 ஹேண்டுக்கு 6 இலிருந்து 2 ஆகக் குறைகிறது. ஆனால் மணிக்கு 900 ஹேண்ட் ஆடுகிறாரே, அதனால் மணிக்கு 18 பெரிய பிளைண்ட் வருகிறது. நான்கு மடங்கு. அவர் செய்வது சோம்பேறித்தனம் இல்லை, பேராசையும் இல்லை, சரியான கணக்கு. காசு ஆட்டம் ஓங்கியிருந்த காலத்தில் தளங்களும் அதிக ஹேண்ட் ஆடுபவர்களுக்குக் கமிஷனில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தன. டேபிள் எண்ணிக்கையைக் கூட்ட அதுவும் ஒரு காரணம். போக்கர்ஸ்டார்ஸ் தளம் நீண்ட காலம் ஒருவரை 24 காசு டேபிள் வரை ஆட அனுமதித்தது. 2019இல்தான் அதை 4 ஆகக் குறைத்தது.

அந்தக் கணக்கில் உங்களுக்கு வேண்டிய எண் 18 இல்லை. 6 இலிருந்து 2 ஆனதே, அந்த வித்தியாசமான 4 பெரிய பிளைண்ட்தான் உங்களுக்கு வேண்டியது. ஒவ்வொரு 100 ஹேண்டுக்கும் அவர் அதைத் தெரிந்தே டேபிளில் விட்டுவிட்டுப் போகிறார். அதை எடுக்க அவருக்கு நேரமில்லை. எடுக்கத் தெரிந்தவர் அந்த டேபிளில் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பல டேபிள் ஆடுபவருக்கு எதிரான உத்தி என்று சொல்வதெல்லாம், அந்த நாலு பிளைண்ட் எங்கெங்கே சிதறிக் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான்.

நேரமில்லை என்றால் எவ்வளவு நேரமில்லை? மணிக்கு 900 ஹேண்ட் என்றால் நாலு விநாடிக்கு ஒரு ஹேண்ட். இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்கரான ராண்டி லூ செய்ததைப் பார்க்க வேண்டும். இணையத்தில் 'நானோநோகோ' என்ற பெயரில் ஆடியவர். 2012 ஜனவரியில் பஹாமாஸில் எட்டு மணி நேரத்தில் 23,493 ஹேண்ட் ஆடி கின்னஸ் சாதனை படைத்தார். நிமிடத்துக்கு ஏறக்குறைய 49 ஹேண்ட்! நிஜ கேசினோ டேபிளில் மணிக்கு 25, 30 ஹேண்ட்தான் நடக்கும். அந்த வேகத்தில் அவர் ஆடியதை ஆடி முடிக்க, நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். சாதனை செல்ல வேண்டுமானால் கடைசியில் லாபத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர் முடித்தது 7.65 டாலர் லாபத்தில். அத்தனை வேகத்திலும் நஷ்டப்படாமல் இருந்தது பிரமாதமான திறமை. ஆனால் அந்த வேகத்தில் லாபம் எவ்வளவு மெலிந்துபோகிறது என்பதையும் அந்த எண்ணே காட்டுகிறது.

நாலு விநாடியில் யாராலும் யோசிக்க முடியாது. பழக்கம்தான் ஆடும். காலை நேரத்தில் தர்ஷினி என்னும் சிற்றுண்டிக் கடையில் தோசை மாஸ்டர் பெரிய கல்லில் பன்னிரண்டு தோசையை வரிசையாக ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மாவு, எண்ணெய், திருப்பல் எல்லாம் ஒரே அளவு, ஒரே தாளம். ஏழாவது தோசையை மட்டும் கொஞ்சம் முறுவலாக, பொடி தூக்கலாக என்று கேட்டால் அந்தத் தாளம் உடையும். பெரும்பாலும் அவர் அதையும் மற்றவை மாதிரியே எடுத்துத் தந்துவிடுவார். பல டேபிள் ஆடுபவரின் முடிவுகளும் இப்படித்தான் வருகின்றன. இந்த இடத்தில் இந்தச் சீட்டு வந்தால் ரெய்ஸ், இல்லையென்றால் ஃபோல்ட். ரெய்ஸ் செய்தவன் ஃபிளாப்பில் ஒரு பெட் வைப்பான். யாராவது கால் செய்தால் டர்னில் நல்ல சீட்டு இல்லாதபோது செக், பிறகு ஃபோல்ட். பாட்டில் பாதி அளவு, எப்போதும் அதே அளவு. நல்ல பழக்கங்கள்தான் இவை, பாடப்புத்தகம் மாதிரி. ஆனால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

யார் என்று எப்படித் தெரியும்?

லாபியில், அதாவது டேபிள்களின் பட்டியல் இருக்கும் முகப்பில், அவர் பெயரைத் தேடினாலே பல தளங்களில் எத்தனை டேபிளில் இருக்கிறார் என்று காட்டிவிடும். தேட வசதி இல்லையென்றால் இன்னும் இரண்டு டேபிளைத் திறந்து வேடிக்கை பாருங்கள், அதே பெயர் கண்ணில் படும். அவருடைய சிப்ஸ் எப்போதும் சரியாக 100 பெரிய பிளைண்டாக இருக்கும்; ஒரு பிளைண்ட் குறைந்தாலும் தானாக நிரம்பும்படி வைத்திருப்பார். அரட்டையில் ஒரு வார்த்தை வராது. ஃபோல்ட் செய்வது மட்டும் மின்னல் வேகம், ஏனென்றால் அவர் முறை வருவதற்கு முன்பே 'செக் அல்லது ஃபோல்ட்' பொத்தானை அழுத்தி வைத்திருப்பார்.

ஒரு எச்சரிக்கை. பல டேபிள் ஆடுபவர் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. காசு ஆட்டம் நடக்கும் நாடுகளில் இப்படி ஆடுபவர் பெரும்பாலும் அனுபவசாலி, இறுக்கமாக ஆடுவார். இலவச சிப்ஸில் பொழுது போகாமல் ஆறு டேபிள் திறந்தவர் எதற்கும் கால் செய்துகொண்டே இருப்பவராக இருக்கலாம். அவரிடம் கீழே சொல்வது எதுவும் செல்லாது. நல்ல சீட்டுக்குக் காத்திருந்து பெரிதாக பெட் வையுங்கள், போதும். முதல் முப்பது நாற்பது ஹேண்ட் சும்மா பாருங்கள். பத்தில் எட்டு முறை ஃபிளாப்புக்கு முன்பே சீட்டைப் போட்டுவிடுகிறாரா? அப்படியானால் இவர்தான் நாம் பேசும் ஆள்.

பிளைண்டை எடுப்பது

சிதறிக் கிடப்பதில் எளிதானது இதுதான். நீங்கள் பட்டனில் இருக்கிறீர்கள். முன்னே எல்லோரும் ஃபோல்ட். இடது பக்கம் சின்ன பிளைண்டிலும் பெரிய பிளைண்டிலும் பல டேபிள் ஆசாமிகள். பிளைண்ட் 5, 10 என்றால் பாட்டில் 15 இருக்கிறது. நீங்கள் 25 என்று ரெய்ஸ் செய்கிறீர்கள். 15 சிப்ஸுக்காக 25ஐப் பணயம் வைக்கிறீர்கள், அதனால் இது நூற்றுக்கு 62.5 முறை பலித்தால் சீட்டே பார்க்காமல் சரிக்குச் சரி. இருவரும் தனித்தனியே நூற்றுக்கு 80 முறை ஃபோல்ட் செய்பவர்கள் என்றால் இருவரும் சேர்ந்து ஃபோல்ட் செய்வது நூற்றுக்கு 64 முறை. வரம்பைத் தாண்டிவிட்டோம். ரெய்ஸை 20 ஆகக் குறைத்தால் தேவைப்படுவது 57 சதவீதம்தான். கவனமில்லாதவர் 20க்கும் 25க்கும் வித்தியாசம் பார்க்காமல் அதே பொத்தானை அழுத்தினால் ஏன் 5 சிப்ஸ் அதிகம் வைக்க வேண்டும்?

இது சீட்டு எதுவாக இருந்தாலும் பலிக்கும் கணக்கு. அதற்காக எந்தச் சீட்டானாலும் ரெய்ஸ் செய்யச் சொல்லவில்லை. கால் வந்தால் மேலே ஆட ஏதாவது இருக்க வேண்டும். ஒரு ஏஸ், ஒரே ஜாதியில் அடுத்தடுத்த சீட்டு, இரண்டு படச்சீட்டு, சின்ன ஜோடி இவையெல்லாம் போதும். 7-2 வேண்டாம். ஒவ்வொரு பட்டனிலும் ரெய்ஸ் செய்தால் எவ்வளவு கவனமில்லாதவருக்கும் ஒரு கட்டத்தில் உறைக்கும்.

உட்காரும் இடமும் இதில் சேரும். இறுக்கமான பல டேபிள் ஆட்டக்காரர் உங்களுக்கு உடனடி இடப்பக்கம் இருந்தால் நல்லது, நீங்கள் பட்டனில் இருக்கும்போதெல்லாம் அவர் பிளைண்டில் இருப்பார். எதற்கும் அஞ்சாமல் ரெய்ஸ் செய்பவர் இருந்தால் அவர் உங்களுக்கு வலப்பக்கம் இருக்கட்டும். அவர் முதலில் பேசட்டும், நீங்கள் பிறகு பேசலாம்.

ஃபிளாப்பில் கால், டர்னில் பாட்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், இந்தக் கட்டுரையின் சத்து இங்கேதான் இருக்கிறது.

கட்-ஆஃபில் இருக்கும் பல டேபிள்காரர் 25க்கு ரெய்ஸ் செய்கிறார். நீங்கள் பட்டனில், கையில் ஆட்டின் 9, ஆட்டின் 8. கால் செய்கிறீர்கள். பிளைண்ட் இருவரும் ஃபோல்ட். பாட்டில் இப்போது 65. ஃபிளாப்பில் டைமன் கிங், ஆட்டின் 7, கிளாவர் 2.

அவர் 30 வைக்கிறார். பழக்கத்தில் வைக்கிறார். ரெய்ஸ் செய்தவரிடம் கிங் இருக்க வாய்ப்பு அதிகம் என்று எல்லோரும் நம்புவார்கள், அதனால் இந்த ஃபிளாப்பில் எதை வைத்திருந்தாலும் பெட் போடச் சொல்லித்தான் அவருக்குப் பாடம். ஆனால் ஜோடி இல்லாத இரண்டு சீட்டு கையில் இருந்தால் ஃபிளாப்பில் ஜோடியோ அதைவிட நல்லதோ அமைவது மூன்றில் ஒரு முறைதான். மூன்றில் இரண்டு முறை வெறுங்கை. அவர் வைத்த 30 சிப்ஸில் பெரும்பகுதி வெறுங்கையிலிருந்து வருகிறது.

புதியவர்கள் இங்கே இரண்டு வகையாகத் தவறுகிறார்கள். ஒரு சாரார் "என்னிடம் ஒன்றும் இல்லையே" என்று ஃபோல்ட் செய்கிறார்கள். அவர் எதிர்பார்ப்பது அதைத்தான். இன்னொரு சாரார் உடனே ரெய்ஸ் செய்கிறார்கள். ரெய்ஸ் செய்தால் அவருடைய கட்டம் மின்னும், கவனம் இந்த டேபிளுக்கு வந்துவிடும், யோசிக்க ஆரம்பிப்பார். நமக்கு அது வேண்டாம். சும்மா கால் செய்யுங்கள். கால் என்பது அவரை எழுப்பாத ஒரு செயல். பாட் 125 ஆகிறது.

டர்னில் இஸ்பேட் 4. இப்போதுதான் அவருடைய உண்மை வெளியே வரும். கையில் கிங் இருந்தால் இன்னொரு பெட், 75 அல்லது 80 வைப்பார். அப்போது பேசாமல் ஃபோல்ட் செய்யுங்கள், 30 சிப்ஸ் போனது போகட்டும். கையில் ஒன்றும் இல்லையென்றால் செக். பதினோரு டேபிள் காத்திருக்க, வெறுங்கையோடு இரண்டாவது பொய்யை யோசித்துக் கட்ட அவருக்கு நேரமில்லை. செக் வந்ததும் நீங்கள் 60 வையுங்கள். 125ஐ வெல்ல 60ஐப் பணயம் வைக்கிறீர்கள்; மூன்றில் ஒரு முறை ஃபோல்ட் செய்தாலே நீங்கள் நஷ்டப்படவில்லை. டர்னில் செக் செய்து விட்டுக்கொடுக்கும் பழக்கம் உள்ளவர் அதைவிட எவ்வளவோ அதிகம் ஃபோல்ட் செய்வார். உங்கள் 9-8க்கு எப்போதாவது ஒன்பதோ எட்டோ ரிவரில் விழுந்து உதவலாம், அது கூடுதல் போனஸ்.

இந்த வித்தையைப் போக்கர் வட்டத்தில் ஃபுளோட் என்பார்கள். கடைசியில் பேசும் இடத்தில் இருந்தால் மட்டுமே செய்யுங்கள். பெரிய பிளைண்டில் இருந்துகொண்டு இதை முயன்றால், டர்னில் அவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரிவதற்கு முன்பே நீங்கள் பேச வேண்டி வரும். மொத்த வித்தையும் அவருடைய செக்கைப் பார்த்த பிறகு ஆடுவதில் இருக்கிறது. ஃபிளாப்பும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது. கிங்-7-2 மாதிரி காய்ந்த ஃபிளாப் என்றால் சரி. ஜாக்-10-9 என்று ஒட்டிக்கொண்டு, அதில் இரண்டு ஒரே ஜாதி என்றால் பலருக்கும் ஏதோ ஒன்று மாட்டியிருக்கும். அங்கே வெறுங்கை கால் வேண்டாம்.

ஃபிளாப்புக்கு முன்பே திருப்பி அடிப்பது

கட்-ஆஃபிலோ பட்டனிலோ அவர் ரெய்ஸ் செய்யும்போது அதில் நிறைய சாதாரணச் சீட்டு இருக்கும். அவரும் பிளைண்ட் எடுக்கத்தான் பார்க்கிறார். அவர் 25 வைத்ததும் நீங்கள் 75 வைத்தால் அதற்கு த்ரீ-பெட் என்று பெயர். பாட்டில் உள்ள 40ஐ வெல்ல 75 வைக்கிறீர்கள், 65 சதவீதம் ஃபோல்ட் செய்தால் சரிக்குச் சரி. எந்தச் சீட்டுக்கு என்ன செய்வது என்று பட்டியல் வைத்து ஆடுபவர் இதற்கு நிறையவே ஃபோல்ட் செய்கிறார்.

இதற்கு ஏற்ற சீட்டு ஒரே ஜாதியில் ஏஸ்-5, ஏஸ்-4 போன்றவை. காரணம், உங்களிடம் ஒரு ஏஸ் இருந்தால் எதிராளிக்கு ஏஸ் ஜோடி வரும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகக் குறைகின்றன. ஏஸ்-கிங் வரும் வழிகள் பதினாறிலிருந்து பன்னிரண்டாகின்றன. நீங்கள் பயப்பட வேண்டிய சீட்டுகளே அவர் கையில் வருவது குறைகிறது. அவர் மீண்டும் ரெய்ஸ் செய்தால் ஃபோல்ட், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அவர் விழித்துக்கொண்டால்

இதுவரை சொன்னதெல்லாம் சின்ன பாட் பற்றியது. பெரிய பாட்டில் நிலைமை நேர்மாறு. பன்னிரண்டு டேபிள் ஆடுபவர் டர்னிலோ ரிவரிலோ உங்கள் பெட்டின் மேல் ரெய்ஸ் செய்கிறார் என்றால், மற்ற பதினோரு டேபிளையும் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார். வெறுங்கையோடு வரமாட்டார். பொய்யான பெரிய ரெய்ஸுக்கு எதிராளி என்ன ஆடுகிறான், முன்னே எப்படி ஆடினான் என்ற கதை முழுக்கத் தெரிய வேண்டும். அந்தக் கதையைத் தொடர்ந்து பார்க்க அவருக்கு முடியவில்லை என்பதால்தான் நாம் சின்ன பாட்டுகளை எடுத்தோம். அதே காரணத்தால் அவருடைய பெரிய ரெய்ஸை நம்ப வேண்டும். ஒரு ஜோடி கையில் வைத்துக்கொண்டு "சும்மா மிரட்டுகிறார்" என்று கால் செய்து, அதுவரை சேர்த்த பத்து சின்ன பாட்டையும் ஒரே ஹேண்டில் இழப்பவர்களை எங்கள் குழுவிலேயே பார்க்கிறேன். மனசு கேட்காது, தெரியும். இருந்தாலும் ஃபோல்ட் செய்யுங்கள்.

இதே போல, ஃபிளாப்பிலும் டர்னிலும் அவர் இரண்டு முறை கால் செய்துவிட்டால் ரிவரில் மூன்றாவது பொய் சொல்லாதீர்கள். விட்டுக்கொடுப்பவர் என்றால் முன்பே விட்டுக்கொடுத்திருப்பார்.

நேரத்தை வைத்து எடைபோடலாமா?

ஒரே டேபிள் ஆடுபவர் நீண்ட நேரம் யோசித்தால் அதில் ஏதோ அர்த்தம் இருக்கிறது. பல டேபிள்காரரின் தாமதத்தில் பெரும்பாலும் அர்த்தம் இல்லை. வேறு டேபிளில் பெரிய பாட் ஓடிக்கொண்டிருக்கலாம். இதை வைத்து "தயங்குகிறார், பலவீனமாக இருக்கிறார்" என்று முடிவுக்கு வராதீர்கள்.

வேகத்தில் மட்டும் அர்த்தம் உண்டு. டர்ன் சீட்டு விழுந்த அதே கணத்தில் செக் வந்தால் முன்கூட்டியே பொத்தானை அழுத்தி வைத்திருக்கிறார், கையில் ஆர்வமில்லை. உங்கள் பெட்டுக்கு யோசிக்காமல் உடனே கால் வந்தால் பெரும்பாலும் நடுத்தரமான ஜோடியோ, அரைகுறை வரிசையோதான். பலமான சீட்டு என்றால் ரெய்ஸ் செய்யலாமா என்று ஒரு கணமாவது நினைத்திருப்பார். உறுதியான விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மற்ற அடையாளங்களோடு சேர்த்துப் பாருங்கள்.

தம்பிகளில் சிலர் ஒரு குறுக்குவழி கேட்கிறார்கள். வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் கடைசி விநாடி வரை இழுத்தடித்தால் அவருடைய டேபிள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்னித் தடுமாறுவாரே என்று. செய்யாதீர்கள். அந்த டேபிளில் இன்னும் நாலு பேர் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய மாலையைக் கெடுத்து வெல்வது ஆட்டம் ஆகாது.

எண்களாக உங்களைப் பார்ப்பவர்

அனுபவமுள்ள பல டேபிள்காரர்கள் ஹட் என்ற மென்பொருளை வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு எதிராளியின் பெயருக்குக் கீழேயும் அவர் எத்தனை சதவீதம் ஹேண்டில் சிப்ஸ் போட்டார், எத்தனை சதவீதம் ரெய்ஸ் செய்தார் என்று எண்கள் காட்டும். கவனத்துக்குப் பதிலாக அவர்கள் வைத்திருப்பது இதைத்தான். ஜிஜிபோக்கர் போன்ற சில தளங்கள் இதை அனுமதிப்பதில்லை. நீங்கள் ஆடும் இடத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்களுக்கு ஒரு குறை உண்டு, அவை மெதுவாக மாறும். முதல் அறுபது ஹேண்ட் நீங்கள் அடக்கமாக ஆடியிருந்தால் அவர் திரையில் நீங்கள் அடக்கமான ஆள். அதன் பிறகு நீங்கள் ரெய்ஸை அதிகப்படுத்தினாலும் அந்த எண் உடனே ஏறாது. அந்த இடைவெளியில் உங்கள் ரெய்ஸ்களுக்கு மரியாதை கிடைக்கும். என்றைக்காவது அவர் திடீரென்று உங்கள் ரெய்ஸ்களுக்கு மேல் ரெய்ஸ் செய்ய ஆரம்பித்தால், உங்கள் பெயரில் ஒரு குறிப்பு எழுதிவிட்டார் என்று அர்த்தம். அப்போது அடங்கிவிடுங்கள், அல்லது வேறு டேபிளுக்குப் போங்கள். கவனத்தோடு ஆடும் அனுபவசாலியோடு மோதுவதற்கு நீங்கள் இங்கே வரவில்லை.

போட்டிகளில், அதாவது டோர்னமெண்டில், இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மாலையில் பத்துப் போட்டி திறந்திருப்பவர் ஒவ்வொன்றாகத் தோற்று வெளியேற, இரவு பதினோரு மணிக்கு இரண்டே டேபிள் மிச்சமிருக்கும். பெயர் அதேதான், ஆள் வேறு. ஆரம்பத்தில் சும்மா விட்டுக்கொடுத்தவர் இப்போது ஒவ்வொரு பிளைண்டுக்கும் சண்டை போடுவார். லாபியில் அவர் பெயரை மறுபடி ஒரு முறை தேடிப் பார்ப்பது இங்கே நிறைய சிப்ஸைக் காப்பாற்றும்.

ஃபோல்ட் செய்த உடனே வேறு டேபிளுக்குத் தூக்கிப் போடும் வேகமான ஆட்ட முறையும் இருக்கிறது. ஃபுல் டில்ட் தளம் 2010இல் ரஷ் என்றும், போக்கர்ஸ்டார்ஸ் 2012இல் ஜூம் என்றும் கொண்டுவந்தன. அங்கே ஒரு டேபிள் ஆடுபவருக்கும் கவனம் நிற்காது, அடுத்த நல்ல சீட்டுக்கு எல்லோரும் அவசரப்படுவார்கள். பிளைண்ட் எடுக்கும் உத்தி அங்கே நன்றாகவே பலிக்கும். ஃபுளோட் மட்டும் கடினம், எதிராளியின் பழக்கத்தைப் பார்ப்பதற்குள் அவர் மறைந்துவிடுகிறார்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இவை எல்லாவற்றையும் ஒரே இரவில் முயல வேண்டாம். அடுத்த முறை ஆடும்போது ஒரு காகிதத்தில் பெட், செக் என்று இரண்டு பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் டேபிளில் உள்ள பல டேபிள்காரர் ஃபிளாப்பில் பெட் வைத்து, அதற்குக் கால் வந்த ஒவ்வொரு முறையும், டர்னில் மறுபடி பெட் வைத்தாரா, செக் செய்தாரா என்று ஒரு கோடு போடுங்கள். நீங்கள் அந்த ஹேண்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுதுங்கள். பெட் பத்தியும் செக் பத்தியும் சமமாக வளர்ந்தால் அவர் டர்னிலும் சண்டை போடுபவர், ஃபுளோட் வேண்டாம். செக் பத்தி இரண்டு மடங்காக நீண்டால், பட்டனில் இருந்து அவருடைய அடுத்த 30 சிப்ஸ் பெட்டுக்குக் கால் செய்யலாம்.